அலபாமாவின் நீலப் பட்டை: அமெரிக்க அரசியல் எங்கிருந்து வருகிறது?

2008க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த அதிபர் தேர்தல்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமா மாநிலத்தின் முடிவைக் கவுண்டி வாரியாகக் காட்டும் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் இருக்கும் சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய ஊரான பர்மிங்காம் பக்கத்தை விட்டுவிட்டால் மாநிலம் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் நடுவயிற்றில், குறுக்கே, ஒரு நீலப் பட்டை ஓடும். சிவப்பு ரிபப்ளிகன் கட்சியின் நிறம், நீலம் டெமாக்ரட் கட்சியின் நிறம். (இந்த நிறப் பங்கீடு ஒன்றும் பழங்காலத்துச் சமாச்சாரம் இல்லை. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் டிவிக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டார்கள்.)

அந்தப் பட்டைக்கு மூல காரணம் கடல். டைனோசர்கள் திரிந்த காலத்தில் இன்றைய அமெரிக்கத் தென்பகுதியின் பெரும்பங்கு நீருக்கடியில் கிடந்தது. அந்தக் கடலின் கரை அலபாமாவின் குறுக்கே போனது. ஆழமில்லாத அந்தக் கடலில் செத்துப் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் சுண்ணாம்புப் பாறையாக இறுகின. அதன்மேல் வளமான கரிய மண் உண்டானது. பருத்திக்கு அருமையான மண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வாழ்ந்த மஸ்கோகி பூர்வகுடிகளை விரட்டிவிட்டு வெள்ளைப் பண்ணையார்கள் வந்து இறங்கினார்கள். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின் எந்திரம் 1793இலேயே வந்துவிட்டதால் பருத்தியில் காசு கொட்டியது. உழைக்க ஆள் வேண்டுமே, அடிமைகளைக் கூட்டம் கூட்டமாக ஓட்டி வந்தார்கள். விடுதலை கிடைத்த பிறகும் அந்த மக்களில் பெரும்பாலோருக்குப் போக வேறு இடம் இல்லை. அதே மண்ணில், பெரும்பாலும் அதே பண்ணையாரிடம், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு உழுதார்கள். அவர்களுடைய வாரிசுகள்தான் இன்று அங்கே பெரும்பான்மை. அவர்கள் டெமாக்ரட்டுகளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அந்தப் பகுதிக்கே ‘கறுப்புப் பட்டை’ என்றுதான் பெயர். முதலில் மண்ணின் நிறத்தால் வந்த பெயர், அப்புறம் மனிதர்களின் நிறத்துக்கும் பொருந்திப்போனது.

அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேசும்போது வரி, விலைவாசி, வேட்பாளரின் பேச்சு என்றுதான் தொடங்குகிறோம். தப்பில்லை. ஆனால் ஓர் அமெரிக்கர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஊகிக்க வேண்டுமானால், பணவீக்கம் பற்றி அவர் கருத்தைக் கேட்பதைவிட, அவருடைய தாத்தா எந்த ஊர், ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தச் சபைக்குப் போகிறார், அவர் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

அதிக ஓட்டு வாங்கியவர் ஏன் தோற்கிறார்?

நான்கு வருடத்துக்கு ஒருமுறை யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். 2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்ப்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். அதிபரானது டிரம்ப். 2000இல் அல் கோர் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும், ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ்ஷிடம் பதவியை இழந்தார். இது என்ன கூத்து?

விஷயம் இதுதான். அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ‘தேர்வர்கள்’, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், என்று ஒதுக்கீடு உண்டு. மொத்தம் 538 பேர். 270 பேரின் ஆதரவு கிடைத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும், ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வர்கள் மொத்தமும் போய்ச் சேர்வார்கள். அதனால் கலிஃபோர்னியாவில் 40 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் 4 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பலன் ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் எழுதக் கூடிய இடத்தில் உருவானது. நாடு பெரிது, சேதி போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும், முன்பின் தெரியாத ஒருவரை மக்கள் எப்படி எடைபோடுவார்கள் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. சின்ன மாநிலங்களுக்குப் பெரிய மாநிலங்களைப் பார்த்துப் பயம். இவற்றோடு இன்னொரு காரணமும் இருந்தது. தென் மாநிலங்களின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிமைகள். நேரடித் தேர்தல் வைத்தால் ஓட்டுப் போட உரிமையுள்ள தலைகள் அங்கே குறைவாக இருக்கும், தெற்கு தோற்றுக்கொண்டே இருக்கும். ஜேம்ஸ் மேடிசன் கூட்டத்திலேயே எழுந்து இதைச் சொன்னார். அவரே வெர்ஜீனியாவின் பண்ணையார், அடிமைகளை வைத்திருந்தவர்.

அதற்கு முன்பே ஒரு பேரம் படிந்திருந்தது. நாடாளுமன்ற இடங்களைப் பங்கு போடும்போது ஒவ்வோர் அடிமையையும் ஐந்தில் மூன்று ஆளாகக் கணக்கெடுப்பது என்பது அந்தப் பேரம். தேர்வர்களின் எண்ணிக்கையும் அதே கணக்கில் வந்தது. யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போட முடியாத மனிதனைத் தலைக்கணக்கில் சேர்த்து, அதனால் கிடைத்த பலத்தை அவனைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பவனிடமே கொடுத்தார்கள். பலன் உடனே தெரிந்தது. அமெரிக்காவின் முதல் 12 அதிபர்களில் 10 பேர் வாழ்நாளில் எப்போதாவது அடிமை வைத்திருந்தவர்கள். விதிவிலக்கு ஜான் ஆடம்ஸும் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும்தான்.

அடிமை முறை போனது, ஐந்தில் மூன்றும் போனது. தேர்வர் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையும் அப்படியே. மாநிலம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு செனட்டர்கள். 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். சுமார் 68 மடங்கு வித்தியாசம். இருவருக்கும் செனட்டில் தலா இரண்டு இடம். நகரத்தில் குவிந்து வாழும் மக்களுக்கு இதில் நஷ்டம், பரந்து கிடக்கும் கிராமப்புற மாநிலங்களுக்கு லாபம். இதைச் சரி என்று வாதாடுபவர்களும் உண்டு. மாநிலங்கள் சேர்ந்துதான் நாடு, மாநிலங்களுக்கும் குரல் வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது எந்தச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய உரிமை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

கட்சிகள் பலகையை மாற்றிக்கொண்ட கதை

புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும் அடுத்த விஷயம் இது. அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கன் ரிபப்ளிகன். இன்றைக்குக் கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் ஓட்டுப் போடுவது டெமாக்ரட்டுகளுக்கு. எப்படி?

1860இல் லிங்கன் ஜெயித்ததும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. நான்கு வருடப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்தது, 1870இல் கறுப்பு ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. அதே 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டுக்குப் போனார். இந்த நல்ல காலம் ஏழெட்டு வருடம் நீடித்தது. 1876 தேர்தல் இழுபறியில் முடிந்தபோது, ரிபப்ளிகன்களுக்கு அதிபர் பதவி, பதிலுக்குத் தெற்கில் காவலுக்கு நின்ற ராணுவம் விலகிக்கொள்ளும் என்று காரியம் முடிந்தது. ராணுவம் போனதும் பழைய பண்ணையார்கள் திரும்பி வந்தார்கள், இந்த முறை டெமாக்ரட் கட்சியாக.

அதன் பிறகு நடந்ததற்கு ஒரே ஓர் எண் போதும். லூசியானாவில் 1896இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 1,30,000க்கு மேல். 1904இல் 1,342. யாரும் வாக்குரிமையை ரத்து செய்துவிடவில்லை. அரசியல் சாசனத்தின் 15ஆம் திருத்தம் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. ஓட்டுப் போட வரி கட்டு, சட்டப் பத்தியைப் படித்து விளக்கம் சொல், உன் தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் உனக்கு விலக்கு உண்டு என்று விதிகள் போட்டார்கள், அவ்வளவுதான். தாத்தா அடிமையாக இருந்தவனுக்கு அந்த விலக்கால் என்ன பயன்?

இப்படியாகத் தெற்கு முழுக்க வெள்ளையர்களின் ஒற்றைக் கட்சி ஆட்சி. எந்த அளவுக்கு என்றால், 1936இல் டெமாக்ரட் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு மிசிசிப்பி 97 சதவீத ஓட்டைக் கொடுத்தது. அதே நேரத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பருத்திக்காட்டை விட்டுச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் பிழைக்கப் போன கறுப்பர்கள், ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைப் பார்த்து டெமாக்ரட் பக்கம் சாயத் தொடங்கினார்கள். ஆக ஒரே கட்சிக்குள் தெற்கத்திய நிறவெறியர்களும் வடக்கத்தியக் கறுப்பர்களும். ஒரே உறையில் இரண்டு வாள் எத்தனை நாள் இருக்கும்?

1948இல் டெமாக்ரட் அதிபர் ட்ரூமன் ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு போட்டபோது உறை கிழியத் தொடங்கியது. 1964இல் டெமாக்ரட் அதிபர் லிண்டன் ஜான்சன், அவரே டெக்சாஸ்காரர், நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் இரண்டாகக் கிழிந்தது. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தவர்களின் விகிதம் டெமாக்ரட்டுகளைவிட ரிபப்ளிகன்களிடையே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்த்தவர்கள் பெரும்பாலும் தெற்கத்திய டெமாக்ரட்டுகள். ஆனால் அந்த வருடம் அதிபர் பதவிக்கு நின்ற ரிபப்ளிகன் பாரி கோல்ட்வாட்டர் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். நாடு முழுக்க அவர் மண்ணைக் கவ்வினார். மிசிசிப்பியில் மட்டும் 87 சதவீதம். ரூஸ்வெல்ட்டுக்கு 97 கொடுத்த அதே மிசிசிப்பி, 28 வருடத்தில் எதிர்க்கட்சிக்கு 87 கொடுத்தது. இரண்டு முறையும் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அவர்கள் மாறவில்லை, கட்சிகளின் பெயர்ப்பலகைதான் மாறியது.

மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சிதான். 1968இல் நிக்சன், 1980இல் ரீகன் என்று ஒவ்வொருவராகத் தெற்கு வெள்ளையர்களை ரிபப்ளிகன் பக்கம் இழுத்தார்கள். வெளிப்படையாக நிறத்தைப் பேசவில்லை. சட்டம் ஒழுங்கு, மாநில உரிமை என்று பேசினார்கள். கேட்பவர்களுக்குப் புரிந்தது. இந்த மாற்றத்தை ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் ஸ்ட்ரோம் தர்மண்டைப் பாருங்கள். 1957இல் ஒரு குடிமை உரிமை மசோதாவைத் தடுக்கச் செனட்டில் 24 மணி 18 நிமிடம் நிறுத்தாமல் பேசியவர், அப்போது டெமாக்ரட். 1964இல் ரிபப்ளிகன் ஆனார். அந்த நீண்ட பேச்சுச் சாதனை 2025 வரை நின்றது. அதை 25 மணி 5 நிமிடம் பேசி முறியடித்தவர் கோரி புக்கர் என்ற கறுப்பினச் செனட்டர், டெமாக்ரட்.

ஒரே வேதம், இரண்டு ஓட்டு

மதம் என்று வந்தால் அமெரிக்கா விசித்திரமான நாடு. அரசியல் சாசனத்தில் கடவுள் பெயர் இல்லை. பதவிக்கு வர மதத் தகுதி எதுவும் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று 1791இல் திருத்தமும் வந்தது. ஆனால் டாலர் நோட்டில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று அச்சடித்திருக்கும். அது ஏதோ ஸ்தாபகர்கள் காலத்து வாசகம் என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய முழக்கமாக அது சட்டமானது 1956இல்தான். சோவியத் நாத்திகத்துக்கு எதிராக நாங்கள் யார் என்று காட்டிக்கொள்ள வேண்டிய பனிப்போர் காலம் அது.

ஆரம்பத்துக்குப் போவோம். 1630இல் மசாசூசெட்ஸ் வந்து இறங்கிய பியூரிட்டன்கள் என்ற கறாரான புராட்டஸ்டன்ட் பிரிவினர் மத சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். பாதி உண்மை. தங்களுக்குச் சுதந்திரம் தேடினார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒத்துவராத ரோஜர் வில்லியம்ஸைத் துரத்தினார்கள், அவர் போய் 1636இல் ரோட் ஐலண்டில் தனிக் குடியிருப்பு அமைத்தார். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணை 1660இல் பாஸ்டனில் தூக்கில் போட்டார்கள். ஒவ்வொரு காலனியிலும் ஒவ்வொரு சபை மேலோங்கி நின்றதால், நாடு என்று ஒன்றானபோது யாருடைய சபையை அரசு மதமாக்குவது என்று முடிவு செய்ய வழியே இல்லை. மதத்தையும் அரசையும் பிரித்ததற்குத் தத்துவம் ஒரு காரணம் என்றால், இந்த நடைமுறைச் சிக்கல் இன்னொரு காரணம்.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்ற புகழ்பெற்ற உவமை தாமஸ் ஜெஃபர்சன் 1802இல் எழுதிய ஒரு கடிதத்தில் வருகிறது. யாருக்கு எழுதினார் தெரியுமா? கனெக்டிகட்டில் சிறுபான்மையாக இருந்த பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் சபையாருக்கு. அன்று அந்தச் சுவர் வேண்டும் என்று ஏங்கியவர்கள் பாப்டிஸ்ட்டுகள். இன்று அந்தச் சுவரில் ஓட்டை போட முன்னால் நிற்பவர்களிலும் தெற்கத்திய பாப்டிஸ்ட்டுகள் உண்டு. சிறுபான்மையாக இருக்கும்போது பிடித்த சுவர் பெரும்பான்மையானதும் உறுத்துகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஒரு பெரிய எழுப்புதல் (கிறிஸ்தவப் பக்தி மறுமலர்ச்சி) அலை அடித்தது. 1801இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் காட்டில் கூடாரம் போட்டு நாள்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஜெபித்தார்கள், அழுதார்கள், விழுந்து புரண்டார்கள். படித்த போதகர் தேவையில்லை, நீயே மனம் திரும்பலாம், மறுபடியும் பிறக்கலாம் என்ற செய்தி எல்லைப்புற விவசாயிகளைப் பிடித்துக்கொண்டது. எவாஞ்சலிகல் என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பெரும் கூட்டத்தின் வேர் இந்த எழுப்புதல்களில்தான். தமிழர்களுக்கும் இந்த அலையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையில் கல்லூரி அமைத்த அமெரிக்க மிஷனரிகளும், பிறகு மதுரைக்கு வந்தவர்களும் இதே உற்சாகத்தில் கப்பல் ஏறியவர்கள். 1862இல் வெளியான வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி அந்த வழியில் வந்ததுதான்.

இந்த எழுப்புதல் அடிமை ஒழிப்புப் போராளிகளையும் உருவாக்கியது, அடிமை முறையை வேத வசனத்தோடு காத்தவர்களையும் உருவாக்கியது. 1845இல் பாப்டிஸ்ட்டுகள் இதே பிரச்சினையில் இரண்டாக உடைந்தார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்பது கேள்வி. போகலாம் என்றவர்கள் அமைத்ததுதான் தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு. தங்கள் பிறப்புக்குக் காரணமான அந்த நிலைப்பாட்டுக்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995இல்.

பண்ணையில் இரண்டு வேதாகமம் ஓடியது. எஜமான் கூட்டிவந்த போதகர், வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுலின் நிருபத்தைப் படித்தார். இரவில் அடிமைகள் தங்களுக்குள் கூடியபோது பாடியது யாத்திராகமம். பார்வோனிடமிருந்து மோசே ஜனங்களை மீட்டுப்போன கதை. 1816இல் ரிச்சர்ட் ஆலன் தலைமையில் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பர்களுக்கெனத் தனிச் சபை அமைப்பே உருவானது. வெள்ளையர் ஆதிக்கத்தில் இருந்த ஊரில் கறுப்பர்களுக்குச் சொந்தமான ஒரே பொது இடம் பெரும்பாலும் சபைதான். அதனால் கூட்டம் போடவும், பணம் திரட்டவும், தலைவர்கள் வளரவும் அதுவே இடம். மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகர் என்பது தற்செயல் இல்லை. 1963இல் பர்மிங்காமில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றது ஒரு கறுப்பினச் சபையில் என்பதும் தற்செயல் இல்லை.

வெள்ளை எவாஞ்சலிகல்கள் அரசியலுக்கு வந்தது கருக்கலைப்பை எதிர்த்து என்பது பொதுவான நம்பிக்கை. காலவரிசையைப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. 1971இல் தெற்கத்திய பாப்டிஸ்ட்டுகளே சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அப்போது அது பெரிதும் கத்தோலிக்கர்களின் கவலை. 1973இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை வழங்கியபோது ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் ரிபப்ளிகன் அதிபர்கள் நியமித்தவர்கள். வெள்ளை எவாஞ்சலிகல் தலைவர்களை உசுப்பிய சங்கதி வேறு என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்தபோது தெற்கில் வெள்ளையர்களுக்கென்று தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் முளைத்தன. பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு வரிச்சலுகை கிடையாது என்று 1970களில் அரசு சொன்னது. அந்தக் கோபத்தில்தான் அமைப்பு திரண்டது, கருக்கலைப்பு பின்னால் சேர்ந்த கொடி என்கிறார்கள். பள்ளியில் ஜெபத்துக்குத் தடை, பெண்கள் இயக்கம், மாறிவரும் குடும்பம் என்று கலவையான கோபம் அது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாதத்தில் நியாயம் இருப்பதாகப் படுகிறது, ஆனால் முதலாவதைச் சொல்லாமல் விட்டால் கதை சுத்தமாகிவிடும், உண்மை குறைந்துவிடும்.

எதுவாக இருந்தாலும் 1979இல் ஜெரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருடமே ஞாயிறு பள்ளி ஆசிரியரான, மறுபடியும் பிறந்தவன் என்று தன்னையே சொல்லிக்கொண்ட டெமாக்ரட் அதிபர் ஜிம்மி கார்ட்டரைக் கைவிட்டு, விவாகரத்து ஆன ஹாலிவுட் நடிகர் ரீகனுக்கு வெள்ளை எவாஞ்சலிகல்கள் ஓட்டுப் போட்டார்கள். 2016இல் டிரம்ப்புக்கு அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஓட்டுப் போட்டதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்கள் 1980ஐ மறந்துவிட்டார்கள். கறுப்பு பாப்டிஸ்ட்டுகளும் அதே வேதாகமத்தைப் படிக்கிறார்கள், அதே ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். ஓட்டு நேரெதிர்.

கத்தோலிக்கர்களை இந்த நாடு ஒரு காலத்தில் அந்நியராகத்தான் பார்த்தது. 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளியில் எந்த வேதாகமத்தைப் படிப்பது என்ற சண்டையில் கத்தோலிக்கத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். 1960இல்கூட ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று, போப்பாண்டவரின் உத்தரவுப்படி ஆட்சி நடத்த மாட்டேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டபோது, ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் கத்தோலிக்கர். எவாஞ்சலிகல்கள் கொண்டாடினார்கள்.

வரைபடத்தில் சிவப்புக் கோடு

தெற்கில் சட்டம் போட்டுப் பிரித்தார்கள் என்றால் வடக்கில் வீட்டுக் கடன் மூலம் பிரித்தார்கள். 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் பகுதிகளுக்கு நான்கு நிறம் தீட்டியது. பச்சை என்றால் நல்ல பகுதி. சிவப்பு என்றால் அங்கே பணம் போடுவது ஆபத்து. கறுப்பர்கள் வாழும் பகுதி என்றால் பெரும்பாலும் சிவப்பு. போருக்குப் பின், 1947இல் தொடங்கி நியூயார்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற புறநகரில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். அரசு உத்தரவாதத்தோடு கடன். ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை. அன்று அந்த வீட்டை வாங்க முடிந்த குடும்பம் அதை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தது. வாங்க முடியாத குடும்பம் வாடகை கட்டியது. பள்ளிக்கூடத்துக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை குறைந்த பகுதியில் பள்ளியும் ஏழைதான். 1968இல் இந்தப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. தெருக்கள் அப்படியே இருக்கின்றன.

இதற்காக எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய்க் கட்டவும் முடியாது. வெஸ்ட் வெர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப் பிரதேசம், பெரும் பண்ணைகள் இல்லை, அடிமைகள் குறைவு. உள்நாட்டுப் போரில் வெர்ஜீனியா பிரிந்துபோனபோது, நாங்கள் வரவில்லை என்று 1863இல் தனி மாநிலமானது. பிறகு நிலக்கரிச் சுரங்கம், வலுவான தொழிற்சங்கம். 1980இலும் 1988இலும் டெமாக்ரட் வேட்பாளர்கள் தேசிய அளவில் படுதோல்வி அடைந்தபோதுகூட இந்த மாநிலம் அவர்களைக் கைவிடவில்லை. பிறகு சுரங்க வேலை சுருங்கியது, சங்கம் தேய்ந்தது, சங்கத்தின் இடத்தைச் சபையும் துப்பாக்கி உரிமையும் பிடித்தன. 2016 முதல் மூன்று தேர்தல்களிலும் மாநிலத்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் டிரம்ப் ஜெயித்தார்.

இன்னொரு உதாரணம், டெக்சாஸ் எல்லையில் இருக்கும் ஸ்டார் கவுண்டி. ஏறக்குறைய எல்லோரும் மெக்சிகோ வம்சாவளியினர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக டெமாக்ரட் கோட்டை. 2024இல் டிரம்ப் பக்கம் போனது. இன்ன இனம் என்றால் இன்ன ஓட்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் இன்னொரு பக்கம் என்று புதுக் கோடு ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. அது பழைய கோடுகளை அழிக்கவில்லை, மேலே விழுகிறது.

செல்மாவில் ஒரு பாலம்

மறுபடி அந்த நீலப் பட்டைக்கு வருவோம். அதற்குள் இருக்கும் லவுண்ட்ஸ் கவுண்டியில் 1965இன் தொடக்கத்தில் மக்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. பக்கத்து ஊரான செல்மாவிலிருந்து அந்த வருடம் மார்ச் 7 அன்று, வாக்குரிமை கேட்டுச் சுமார் 600 பேர் ஊர்வலம் கிளம்பினார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டியது. முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸ் என்ற 25 வயது இளைஞரின் மண்டை உடைந்தது. டிவியில் பார்த்த நாடு அதிர்ந்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது.

2013இல் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி போட்ட வழக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதி ஒன்றை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 2023இல் அதே அலபாமா, மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கறுப்பராக இருந்தும் ஏழு தொகுதிகளில் ஒன்றை மட்டுமே அவர்கள் ஜெயிக்கும்படி எல்லை வரைந்தது தவறு என்று அதே நீதிமன்றம் சொன்னது. திருத்தி வரைந்த வரைபடத்தின்படி 2024இல் இரண்டாவது கறுப்பின உறுப்பினர் வாஷிங்டன் போனார்.

அந்தப் பாலத்தின் பெயர் எட்மண்ட் பெட்டஸ் பாலம். எட்மண்ட் பெட்டஸ் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி, பிறகு அலபாமாவின் டெமாக்ரட் செனட்டர். ஜான் லூயிஸ் 33 வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 2020 ஜூலையில் இறந்தார். அவருடைய பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றி அதே பாலத்தின் மேல் கடைசியாக ஒருமுறை கொண்டுபோனார்கள். அக்கரையில் அலபாமா மாநிலப் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். பாலத்தின் இரும்பு வளைவில் பெட்டஸின் பெயர் பெரிய எழுத்தில் அப்படியே இருந்தது.